‘ஐ5’ என்று மட்டும் எழுதிய பற்றுச்சீட்டு

பாவித்த கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு டவுனில் பஸ் ஏறுகிறவரின் சட்டைப் பையில் ஒரு பற்றுச்சீட்டு இருக்கும். “கம்பியூட்டர் செட் 1, கோர் ஐ5, 8 ஜிபி, 75,000/-” என்று அதில் ஒற்றை வரி. கீழே ஒரு கிறுக்கல் கையொப்பம். சில வேளைகளில் அந்தச் சீட்டே இராது. வீட்டில் கொண்டுவந்து பூட்டி ஒரு மாதம் கழித்து, “அப்பா, இதுல விண்டோஸ் 11 போட ஏலாதாம்” என்று பிள்ளை வந்து சொல்லும்போதுதான், அந்த ஒற்றை வரியில் எழுதாமல் விட்டது என்ன என்று யோசிக்கத் தொடங்குகிறோம்.

75,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவித்த 1,350 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில் பார்த்தால் அது 56 முழுப்பேர், அதாவது 56 நாள் முழுச் சம்பளம். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் கொழுந்து எடுக்கிறவருக்கும், எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் இறப்பர் பால் வெட்டுகிறவருக்கும் அது இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை, பேரும் இல்லை. அப்படிச் சேர்த்த காசு ஒரு பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தக் காசைக் கொடுத்தவருக்கு உண்டு. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாயை எட்டியது. புதுக் கணினியின் விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போனது. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகளின் பக்கம் பலரும் திரும்பினார்கள். பழையதை வாங்குவதில் பிழையில்லை. எவ்வளவு பழையது என்று தெரியாமல் வாங்குவதுதான் பிழை.

குடும்பப் பெயரும் முழுப் பெயரும்

கணினியின் மூளை புரொசசர். இன்டெல், ஏஎம்டி என்ற இரண்டு நிறுவனங்களின் புரொசசர்கள்தான் நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கின்றன. இன்டெலின் ‘கோர் ஐ5’ வரிசை 2009இல் தொடங்கியது. ஐ5 என்றால் நடுத்தர ரகம் என்று மட்டுமே பொருள். எந்த ஆண்டின் நடுத்தரம் என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும்.

ஐ5-2400 என்பது 2011இல் வந்த இரண்டாம் தலைமுறைப் புரொசசர். ஐ5-12400 என்பது 2022 ஜனவரியில் வந்த பன்னிரண்டாம் தலைமுறைப் புரொசசர். எழுத்தில் ஒரேயொரு ‘1’தான் கூட இருக்கிறது. காலத்தில் பதினொரு ஆண்டு இடைவெளி. கணினிப் பெட்டியின் முகப்பில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் பெரும்பாலும் ‘கோர் ஐ5’ என்றுதான் இருக்கும், எண் இராது. இரண்டையும் ‘ஐ5’ என்றே சொல்லி விற்கலாம், சொன்னவர் பொய் சொன்னதாகவும் ஆகாது. ஆனால் வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

எண்ணை வாசிப்பது கடினமில்லை. நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. ஐ5-3470 மூன்றாம் தலைமுறை, ஐ5-8400 எட்டாம் தலைமுறை, ஐ5-10400 பத்தாம் தலைமுறை. மடிக்கணினிகளில் ஐ5-1135ஜி7 போல ‘1’இல் தொடங்கும் நான்கு இலக்கமும் உண்டு. அதை 11 என்று வாசிக்க வேண்டும்.

‘ஐ7’ என்ற பெயரைக் கேட்டும் மயங்க வேண்டாம். 2011இல் வந்த ஐ7-2600ஐ விட 2022இல் வந்த ஐ3-12100 வேகமானது. இரண்டிலும் நான்கு கோர்தான். ஆனால் புதியது அதே நேரத்தில் கூடுதல் வேலையை முடித்துவிடும்.

இரண்டு புரொசசர்கள்: எது யாருக்கு?

பிள்ளைக்குப் படிப்பு, அண்ணனுக்குக் கேம், அக்காவுக்கு ஆன்லைன் வேலை என்று வீட்டுக்கு ஒரே கணினி வாங்க நினைக்கிறவர்கள் இரண்டு பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்று ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி. கடைகளுக்கு 2021 ஆகஸ்டில் வந்தது. மற்றது மேலே சொன்ன இன்டெல் ஐ5-12400.

இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஆறு கோர் என்றால் ஒரு மலையில் ஆறு பேர் நிறை பிடித்து நிற்பதைப் போல. ‘கிகா ஹேர்ட்ஸ்’ என்பது கை எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதன் கணக்கு. இரண்டிலும் உச்ச வேகம் 4.4தான். ஆனால் கை அதே வேகத்தில் ஓடினாலும், ஒரு பிடிக்கு எவ்வளவு கொழுந்து வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் அல்லவா? அந்தக் கணக்கில் ஐ5-12400 சற்று முன்னே நிற்கிறது.

அன்றாட வேலையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வேர்டில் கடிதம் அடிப்பது, எக்செல் கணக்கு, சூம் வகுப்பு, உயர்தர ஐசிடி மாணவர் எழுதும் பைத்தன் நிரல் எல்லாவற்றையும் இரண்டும் சிரமமின்றிச் செய்யும். உண்மையில் இந்த வேலைகளுக்கு இவ்வளவு பலமுள்ள புரொசசர் தேவையே இல்லை. பத்தாம் தலைமுறை ஐ3 ஒன்றும், 8 ஜிபி ரேமும், சுழலும் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக ஓர் எஸ்எஸ்டியும் இருந்தால் பள்ளிப் பிள்ளைக்குத் தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கணினி திறக்கும் வேகமே மாறிவிடும்.

வித்தியாசம் தெரிவது கேமில்தான். அங்கே ஒரு கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்: தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கப்போகிறீர்களா, இல்லையா?

வாங்கப்போவதில்லை என்றால் 5600ஜிதான் சரி. அதனுள்ளேயே இருக்கும் ‘வேகா 7’ கிராபிக்ஸ், ஐ5-12400இல் இருக்கும் ‘யுஎச்டி 730’ஐ விடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வரை வேகம் தரும். வலோரன்ட், ஜிடிஏ 5 போன்றவற்றைப் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்து விளையாட அது போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாகப் போடாமல் 8 ஜிபி வீதம் இரண்டு குச்சிகளாகப் போட வேண்டும். உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, அது ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. வழி இரண்டாக இருந்தால் வரத்தும் கூடும். ஒற்றைக் குச்சி போட்டு விற்ற 5600ஜி, வாங்கியவருக்கு அதன் பலத்தைக் காட்டாமலே கிடக்கும்.

இன்றோ நாளையோ கிராபிக்ஸ் கார்ட் போடும் எண்ணம் இருந்தால் ஐ5-12400 சரியான தெரிவு. கார்ட் போட்டதும் பெரும்பாலான கேம்களில் அது 5600ஜியை முந்தும். 5600ஜியின் கேஷ் நினைவகம் 16 எம்பி, கார்டோடு பேசும் வழியும் பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை. ஐ5-12400இன் கேஷ் 18 எம்பி, வழியும் அதைவிடப் புதியது. இரண்டும் 65 வோட் ரகம் என்பதால் மின்கட்டணத்தைக் காரணம் காட்டி ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை.

இவ்வளவும் முழு எண் தெரிந்தால்தான் பேசக்கூடிய பேச்சு. கடைக்காரர் ‘ஐ5’ என்றும் ‘ரைசன் 5’ என்றும் மட்டும் சொன்னால் ஒப்பிடுவதற்கே ஒன்றுமில்லை.

எங்கே சறுக்குகிறோம்

முதலாவது, விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல் என்று மைக்ரோசொப்ட் எல்லை வைத்திருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ5கள் இந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. “எப்படியாவது ஏற்றித் தருகிறேன்” என்று சுற்றுவழியில் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் பொறுப்பேற்பதில்லை. விண்டோஸ் 11இல் வலோரன்ட் விளையாடவும் டிபிஎம் 2.0 கேட்கும்.

இரண்டாவது, எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து. ஐ5-12400எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட் இல்லாமல் பூட்டினால் திரையில் படமே வராது. விலை சற்றுக் குறைவு என்று எஃப் ரகத்தைத் தந்துவிட்டு, அதோடு ஒரு பழைய ஜிடி 710 கார்டைச் செருகி, ‘2 ஜிபி கிராபிக்ஸ் உள்ள கேமிங் பிசி’ என்று விற்றால் நம்ப வேண்டாம். அந்தக் கார்டை விட 5600ஜியின் உள் கிராபிக்ஸே பலம் கூடியது. பழைய கார்டுகளுக்குள் பொய்ப் பெயரை எழுதிப் புது ஜிடிஎக்ஸ் என்று விற்பதும் உலகம் முழுக்க நடந்த மோசடி. ‘ஜிபியு-இசட்’ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் அப்படிப்பட்ட பல போலிகளை அது காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, மடிக்கணினிப் பெயர்கள். ரைசன் 5 7520யு என்ற எண்ணைப் பார்த்தால் 7000 வரிசை, புத்தம் புதியது என்று தோன்றும். உள்ளே இருப்பதோ 2019இல் வந்த ‘சென் 2’ என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர். அதே வரிசையில் 7530யு என்றால் அடுத்த தலைமுறை வடிவமைப்பு, ஆறு கோர். நடு இலக்கம் ஒன்று மாறினால் பொருளே வேறு.

நான்காவது, பாவித்த உயர்ரகப் புரொசசர். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் புரொசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறால் கணினி அடிக்கடி நின்றுபோவதை 2024இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பாதிப்புக்குள்ளான ரகங்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் கூட்டியது, திருத்தமும் வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே பழுதான புரொசசரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள். ஐ5-12400 இந்தச் சிக்கலில் இல்லை.

ஐந்தாவது, இடி. “சப்ரகமுவ மாகாணத்தில் மாலையில் அல்லது இரவில் இடியுடன் கூடிய மழை” என்று வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாம். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அது அநேகமாக நாள்தோறும் வரும். மின்னலாலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் வந்த பழுதுக்கும், எரிந்த தடம் உள்ள பாகத்துக்கும் வாரண்டி இல்லை என்று பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். லயத்தில் ஒரே பிளக்கிலிருந்து நாலு வயர் இழுத்துக் கணினியைப் பூட்ட வேண்டாம். மேகம் கறுத்தால் சுவிட்சை அணைத்தது போதாது. பிளக்கையே கழற்றுங்கள், ரவுட்டருக்கு வரும் வயரையும் கழற்றுங்கள். அந்தப் பழுதுக்கு எந்தக் கடையும் பொறுப்பேற்காது.

கடையில் பத்து நிமிடம்

காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் கணினியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘பெர்போமன்ஸ்’ பகுதிக்குப் போனால் வலது மேல் மூலையில் புரொசசரின் முழுப் பெயர் இருக்கும். கீழே எத்தனை கோர் என்றும் இருக்கும். அங்கேயே ‘மெமரி’யை அழுத்தினால் எத்தனை ஜிபி, எத்தனை குச்சி என்று தெரியும். அந்தத் திரையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ‘சிபியு-இசட்’ என்ற இலவச மென்பொருளிலும் ஒருமுறை பாருங்கள்.

பிறகு பற்றுச்சீட்டு. அது இப்படி இருக்கட்டும்:

“பாவித்த மேசைக்கணினி 1. புரொசசர்: இன்டெல் கோர் ஐ5-12400. ரேம்: 8 ஜிபி டிடிஆர்4, இரண்டு. எஸ்எஸ்டி: 256 ஜிபி. கிராபிக்ஸ் கார்ட்: இல்லை. வரிசை எண்: … வாரண்டி: 6 மாதம். திகதி, விலை, கடையின் பெயர், முகவரி, கையொப்பம்.”

எழுத இரண்டு நிமிடம் பிடிக்கும். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். வாரண்டி எத்தனை நாள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு என்றால் 350 நாட்கள் என்று அச்சிட்ட சீட்டுகளும் புழக்கத்தில் உண்டு.

முகநூலில் படம் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம். நேரில் பார்த்து, போட்டுப் பார்த்து, பிறகு கொடுங்கள். தவணைக்கு வாங்கினால் கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பார்த்துவிட்டே கையொப்பமிடுங்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சட்டம் நமக்குத் தந்திருப்பது

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நம் கையில் இருக்கும் முதல் ஆயுதம். அதன் 28ஆம் பிரிவின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வர்த்தகரின் கடமை. பாவனையாளரைத் தவறான வழியில் இட்டுச் செல்லும் நடத்தையை 30ஆம் பிரிவு தடுக்கிறது. பொருளின் தரம், ரகம் பற்றிப் பொய்யாகச் சொல்வதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. பாவித்ததைப் புதியது என்பதும், எஃப் ரகத்தை உள் கிராபிக்ஸ் உள்ளது என்பதும் இந்தப் பிரிவுகளோடு மோதும் செயல்கள்.

அதற்கும் பழையது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்போடு பொருந்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. முழு எண்ணை ஏன் எழுதி வாங்கச் சொல்கிறேன் என்பது இங்கே விளங்கும். சீட்டில் ‘ஐ5’ என்று இருந்தால் ஐ5-2400ம் அந்த விவரிப்புக்குப் பொருந்திவிடும். ‘ஐ5-12400’ என்று இருந்தால் பொருந்தாது. அந்த எண்தான் உங்கள் சாட்சி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிகாரசபைச் சட்டம் வர்த்தகரைத்தான் கட்டுப்படுத்துகிறது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பியிடம் வாங்கினால் அங்கே முறையிட முடியாது. அப்போதும் ஒரு தாளில் விவரங்களை எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்வது இருவருக்கும் நல்லது.

ஏமாந்துவிட்டால்

முதலில் கடைக்குப் போங்கள், சீட்டைக் காட்டிப் பேசுங்கள். “அடுத்த கிழமை வாங்க” என்று சொன்னால், ஒரு தடவை போகலாம், இரண்டு தடவை போகலாம். ஒவ்வொரு பயணமும் ஒரு பேரையும் பஸ் காசையும் தின்கிறது. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், அல்லது பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். வாய்ப் பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும்.

பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அழைப்பு இலக்கம் 1977. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலும் அதற்கு அலுவலகங்கள் உண்டு. வாரண்டிக்கு மாறாக விற்ற பொருள் பற்றிய முறைப்பாட்டை 13ஆம் பிரிவின் கீழ் விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு.

ஆனால் இங்கேதான் பலர் தவறவிடும் ஒரு கெடு இருக்கிறது. அந்த முறைப்பாட்டை, பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சீட்டில் ஒரு வருட வாரண்டி இருந்தாலும் இந்தக் கெடு மூன்று மாதம்தான். “பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டாம். வாங்கிய கிழமையே எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

முறைப்பாட்டில் வாங்கிய திகதி, கடையின் பெயர், முகவரி, சொன்னது என்ன, கிடைத்தது என்ன, நீங்கள் கேட்கும் பரிகாரம் என்ன என்பவற்றை எழுதுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியையும் கைபேசியில் எடுத்த படத்தையும் இணையுங்கள். மூலச் சீட்டைக் கையிலிருந்து விடாதீர்கள். இன்னொன்று: லய அறைகளுக்குத் தனி முகவரி இல்லாததால் தபால் தோட்ட அலுவலகம் போய்ச் சுற்றி வரும், சில வேளை விசாரணைத் திகதி கழிந்த பிறகு வரும். ஆகவே தவறாமல் கைக்கு வந்து சேரும் ஒரு முகவரியையும், எப்போதும் எடுக்கும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள்.

“சிங்களம் தெரியாதே, எப்படி எழுதுவது?” என்று தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பிரதேசத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் அது பொருந்தும். தமிழிலேயே எழுதுங்கள்.

மூன்று மாதம் கடந்துவிட்டதா, அல்லது விற்றவர் வர்த்தகர் இல்லையா? மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபையில் சட்டத்தரணி தேவையில்லை. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைத் தருவார்கள், அதைக் கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஏற்கெனவே பழைய ஐ5 ஒன்றை வாங்கிவிட்டு மனம் உடைந்திருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஓர் எஸ்எஸ்டியைப் போட்டு, உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள். லிபர் ஒபிஸ், உலாவி, பைத்தன் எல்லாம் அதில் காசில்லாமல் ஓடும். பாதுகாப்பு அப்டேட்டும் வரும். பள்ளிப் பாடத்துக்கு அது இன்னும் சில வருடம் உழைக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகள் கணினியோடு கூடிய வேலைகளுக்குப் போக வேண்டும் என்பதில் நம் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு அவர்கள் போவதற்கு முன், வீட்டில் ஒரு நல்ல கணினி அவர்கள் கையில் இருக்க வேண்டும். இதை வாசிக்கும் ஆசிரியர்களிடமும், தோட்டத்துச் சங்கங்களின் தம்பிமார் தங்கைமாரிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் லயத்தில் ஒரு குடும்பம் கணினி வாங்கப் போகிறது என்று தெரிந்தால், ஒரு நாள் கூடப் போங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து முழு எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். அந்த எண் பற்றுச்சீட்டில் ஏறிய பிறகு 56 பேரின் காசு கைமாறட்டும்.